நட்டை இறுக்கியது யார்?

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ, கடலுக்குச் சில தெருக்கள் தள்ளி ஒரு வீடு. குளியலறையில் வெஸ்டர்ன் கமோடு. அதன் பிளாஸ்டிக் சீட் விரிசல் விட்டுவிட்டது, புதுசும் வாங்கி வந்தாயிற்று. பழையதைக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. சீட்டின் பின்பக்கம் இரண்டு போல்ட்டுகள் பீங்கானின் துளை வழியாகக் கீழே இறங்கியிருக்கும். அடியில் ஆளுக்கொரு நட்டு. சுவருக்கும் கமோடுக்கும் நடுவே தோளை நுழைத்து, கையை வளைத்து, ஸ்பேனரை மாட்டித் திருப்பினால் நட்டு அசையாது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஸ்பேனர் வழுக்கி முட்டி பெயரும்.

இத்தனைக்கும் அந்த நட்டைப் போட்ட பிளம்பர் ஸ்பேனரை எடுத்தே இருக்க மாட்டார். பீங்கான் விரிந்துவிடுமே என்ற பயத்தில் விரலால் சுற்றி, கடைசியில் சின்னதாக ஒரு முடுக்கு கொடுத்திருப்பார். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. விரலால் போட்ட நட்டு, வருஷக்கணக்கில் சும்மா கிடந்த நட்டு, இப்போது இரும்புச் சாவிக்கும் மசிய மாட்டேன் என்கிறது. நடுவில் அதை இறுக்கியது யார்?

'துருப் பிடித்துவிட்டது' என்று உடனே சொல்லிவிடலாம். சரிதான், ஆனால் பாதி பதில். துரு இரும்பைத் தின்கிறது என்றுதானே சொல்கிறோம்? தின்றால் போல்ட்டு இளைக்க வேண்டும், நட்டின் ஓட்டை பெரிதாக வேண்டும், இரண்டும் லொடலொடவென்று ஆட வேண்டும். மொட்டைமாடித் தகரத்தில் துரு அதைத்தான் செய்கிறது, தகரத்தை ஓட்டையாக்கிவிடுகிறது. அதே துரு நட்டுக்குள் புகுந்தால் மட்டும் ஏன் இறுக்குகிறது?

தின்னத் தின்னப் பெருக்கும்

இரும்பு துருவாக மாறும்போது எங்கும் காணாமல் போவதில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனையும் ஈரத்திலிருந்து நீரையும் சேர்த்துக்கொண்டு வேறு பொருளாக ஆகிறது. கூட்டாளிகள் சேர்ந்ததால் இடம் அதிகம் தேவைப்படுகிறது. துருவிலும் பல வகை உண்டு. நீர் குறைவாகச் சேர்ந்தது இரும்பைப்போல இரண்டு மடங்கு இடத்தைப் பிடிக்கும். நிறைய நீர் சேர்ந்த மஞ்சள் பழுப்புத் துரு ஆறு மடங்கு வரைகூடப் போகும். நடுவாக மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்வோம்.

தகரத்தின் மேல் உண்டாகும் துருவுக்கு வானமே எல்லை. பெருக்கும், உப்பும், செதிள் செதிளாக உதிரும், அடியில் புது இரும்பு வெளிப்படும், கடைசியில் ஓட்டை விழும். நட்டுக்குள் உண்டாகும் துருவுக்கு உதிர்ந்து விழ இடமில்லை. வாய் மூடிய பாட்டிலுக்குள் அவலைத் திணித்துத் தண்ணீர் ஊற்றியது மாதிரி, உள்ளேயே ஊதி உள்ளேயே இறுகும்.

எவ்வளவு துரு இருந்தால் போதும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கமோடு சீட்டுக்கு வருவது பெரும்பாலும் கடைக்காரர் 'இரண்டரை நூல்' என்று சொல்லும் தடிமன்; ஒரு அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல், ஆகவே இது ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். போல்ட்டின் மரைக்கும் நட்டின் மரைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் செய்வார்கள், இல்லாவிட்டால் விரலால் சுற்றவே முடியாது. அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 மைக்ரான் என்று கொள்வோம். ஒரு தலைமுடியின் தடிமனைவிடச் சற்று அதிகம்.

போல்ட்டின் பக்கம் 25 மைக்ரான் இரும்பு துருவாகிறது. மூன்று மடங்கு என்பதால் அது 75 மைக்ரானாக வளர்கிறது. பழைய 25 போக, இடைவெளிக்குள் புதிதாக நீட்டுவது 50. நட்டின் பக்கமும் இதே கதை, அங்கிருந்து இன்னொரு 50. இரண்டும் சேர்ந்து 100. இடைவெளி தீர்ந்தது.

ஒரு பக்கத்துக்கு 25 மைக்ரான் என்பது மயிரிழையில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. போல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் இளைத்தது தெரியாது. ஆனால் நட்டு முடிந்தது. அந்தச் சின்ன நட்டின் கனம் ஆறரை மில்லிமீட்டர்தான். அதற்குள் மரை ஐந்து சுற்றுச் சுற்றுகிறது. அதைப் பிரித்து நீட்டினால் 11 சென்டிமீட்டருக்கு மேல் வரும். அத்தனை நீளத்துக்கும் துரு ஆப்பு இறங்கியிருக்கிறது. இறுக்கிய ஆள் அகப்பட்டுவிட்டார்.

இந்த 25 மைக்ரானுக்கு எத்தனை நாள் ஆகும்? இரும்புத் தகட்டை வெளியே தொங்கவிட்டு, முதல் வருஷத்தில் எவ்வளவு இழக்கிறது என்று எடை போட்டுப் பார்த்து, ஊர்களின் காற்றை வகை பிரிக்கும் ஒரு பன்னாட்டுத் தர அளவு இருக்கிறது. மூன்றாம் வகைக் காற்றில் வருஷத்துக்கு 25 முதல் 50 மைக்ரான் போகும். உப்புக் காற்றும் ஆலைப் புகையும் அதிகமுள்ள இடங்களுக்கான ஐந்தாம் வகையில் 80 முதல் 200. அதற்கும் மேலே ஒரு கடைசி வகை வைத்திருக்கிறார்கள், அதில் 700 வரை. திறந்தவெளித் தகட்டுக் கணக்கை அப்படியே குளியலறை இடுக்குக்குப் போட முடியாதுதான். ஆனாலும் நட்டு சிக்கிக்கொள்வதற்கு ஒன்றிரண்டு வருஷமே தாராளம் என்பது விளங்கிவிடும்.

ஒரு சொட்டு உப்புத் தண்ணீர்

இங்கே இன்னொரு சந்தேகம் வர வேண்டும். துருவுக்கு ஆக்சிஜன் வேண்டும் என்றோம். நட்டுக்குள்தான் காற்றே புகாதே! வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டின் வால் அல்லவா அதிகம் அரிக்க வேண்டும்?

கேம்பிரிட்ஜில் யூலிக் எவான்ஸ் என்ற வேதியியலாளர் 1920களில் செய்து காட்டிய ஒரு சோதனை இதற்கு விடை சொல்லும். இன்றும் கல்லூரி ஆய்வகங்களில் செய்கிறார்கள், கண்ணுக்கு அழகான சோதனை. தேய்த்துச் சுத்தம் செய்த இரும்புத் தகட்டில் உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு. தண்ணீரில் முன்கூட்டியே இரண்டு சாயப் பொருள்களைக் கலந்து வைப்பார்கள். ஒன்று, இரும்பு கரைந்து வரும் இடத்தில் நீலமாகும். மற்றது, ஆக்சிஜன் செலவாகிக் காரத்தன்மை உண்டாகும் இடத்தில் இளஞ்சிவப்பாகும். கொஞ்ச நேரத்தில் சொட்டின் விளிம்பு முழுக்க இளஞ்சிவப்பு வளையமாகும், நடுவில் நீலம் கட்டும். அப்புறம் மெதுவாக, இரண்டுக்கும் நடுவே பழுப்பு நிறத்தில் ஒரு துரு வளையம் தோன்றும்.

விளிம்பில் சொட்டு மெல்லியதாக இருப்பதால் காற்று எளிதாக இறங்குகிறது. நடுவில் தண்ணீர் ஆழம். இருந்த ஆக்சிஜன் தீர்ந்தால் மறுபடி வந்து சேர நேரமாகும். இரும்பு கரைவதோ காற்றுப் பஞ்சமான நடுவில். அங்கே ஒவ்வொரு இரும்பு அணுவும் தன் எலெக்ட்ரான்களைத் தகட்டிலேயே விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்குகிறது. விடப்பட்ட எலெக்ட்ரான்கள் தகட்டின் வழியாக விளிம்புக்கு ஓடி, அங்கே காத்திருக்கும் ஆக்சிஜனிடம் சேர்கின்றன. ஒரு சொட்டுக்குள் ஒரு குட்டி பேட்டரி. உப்பு இல்லாவிட்டால் இந்த பேட்டரி மந்தமாக ஓடும், ஏனென்றால் நல்ல தண்ணீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது.

இதை நட்டுக்குப் பொருத்துங்கள். வெளியே தெரியும் போல்ட்டு வால்தான் சொட்டின் விளிம்பு, காற்றை உறிஞ்சும் பக்கம். உள்ளே மரை இடுக்குதான் சொட்டின் நடு, கரையும் பக்கம். இதை இடுக்கு அரிப்பு என்று சொல்லலாம். உள்ளே கரைந்த இரும்பு வெளியே நகர்ந்து வந்து, நட்டின் வாயருகே ஆக்சிஜனைச் சந்தித்ததும் துருவாகப் படிகிறது. வாய் அடைகிறது. அடைத்த பிறகு உள்ளே காற்று இன்னும் குறைகிறது, அரிப்பு இன்னும் சௌகரியமாக நடக்கிறது. மின்சுமைச் சமநிலையைக் காக்க உப்பின் குளோரைடு வேறு வெளியிலிருந்து உள்ளே இழுக்கப்பட்டு, இடுக்குத் தண்ணீர் அமிலமாகவே மாறிவிடுகிறது.

ஆக, பூட்டு இரண்டு இடத்தில். உள்ளே மரை முழுக்க ஒரு ஆப்பு, இரு வாயிலும் கெட்டியான அடைப்பு. அனுபவப்பட்ட மெக்கானிக் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் கம்பி பிரஷ்ஷால் போல்ட்டின் வாலைப் பரபரவென்று தேய்ப்பது இதனால்தான். நட்டு எந்தப் பாதையில் இறங்க வேண்டுமோ அந்தப் பாதையை முதலில் சுத்தம் செய்கிறார்.

காசிமேட்டுக் காற்று

வடசென்னையில் இரும்புச் சாமான் விற்பவர்களுக்கும் கேட் பற்றவைப்பவர்களுக்கும் இதெல்லாம் புதிதல்ல. கடலோரத் தெருவில் ஜன்னல் கம்பிக்கு ஒரு ஆயுள், பெரம்பூர் பக்கம் இன்னொரு ஆயுள் என்று அவர்கள் கணக்கே வைத்திருப்பார்கள்.

அலை கரையில் உடையும்போது நுரைக் குமிழ்கள் வெடித்து நுண்ணிய உப்புத் துளிகள் காற்றில் ஏறுகின்றன. மதிய வாக்கில் தொடங்கும் கடற்காற்று அவற்றை ஊருக்குள் கொண்டு வருகிறது. கனமான துளிகள் முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடும். ஒரே வீட்டின் கிழக்கு முகப்பும் மேற்குக் கொல்லையும்கூட ஒரே அளவு உப்பைப் பெறுவதில்லை.

விழுந்த உப்பு சும்மா இருக்காது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சித் தானாகக் கரைந்து தண்ணீராகும். கடலுப்பில் கொஞ்சமாகக் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். சென்னையில் ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்குவது அபூர்வம். மழை பெய்யாத மாதத்திலும் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஈரப் படலம் இருந்துகொண்டே இருக்கிறது. இரவில் நனைந்து பகலில் காய்ந்து மறுபடி நனைவது இரும்புக்கு ஆகவே ஆகாது, தொடர்ந்து தண்ணீரில் மூழ்கிக் கிடப்பதைவிடக் கெடுதல். காயும்போது படலம் மெலிந்து, ஆக்சிஜன் எளிதாக இறங்கிவிடுகிறது.

இதோடு புகை. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970இலிருந்து 2017 மார்ச் 31 வரை நிலக்கரி எரித்தது. அது மூடிய பிறகும் அந்தப் பக்கத்தில் நிலக்கரி மின் நிலையங்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. நிலக்கரியும் எண்ணெயும் எரிந்தால் வரும் கந்தக டை ஆக்சைடு, அந்த ஈரப் படலத்தில் கரைந்து கந்தக அமிலமாகிறது. இரும்பைத் தாக்கி இரும்பு சல்பேட்டாக மாறி, அது துருவாகும்போது அமிலம் மறுபடி விடுபட்டு, அடுத்த இரும்பைத் தாக்கப் போகிறது. முதல் ஒன்று, வேலை பல.

இந்தியாவில் இரும்பு எங்கே எவ்வளவு அரிக்கிறது என்று வரைபடமே போட்டவர்கள் காரைக்குடியில் இருக்கிறார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது. மண்டபம் என்ற ஊரில் அவர்களுக்கு ஒரு கடலோர நிலையம் உண்டு. அங்கே உலோகத் தகடுகளை வருஷக்கணக்கில் கடற்காற்றுக்குக் காட்டி வைக்கிறார்கள். (துருவைப் பற்றி எழுதினால் டில்லி இரும்புத் தூணைச் சொல்லியே தீர வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. பாஸ்பரஸ் கலந்த அந்த இரும்பின் பெருமை பெருமைதான். ஆனால் டில்லியில் கடற்காற்று வீசுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.)

அறைக்குள் வேறு கடல்

வெளிக்காற்றைவிடக் கமோடு சீட்டின் அடிப்பக்கம் மோசம். வெயில் படாது, காய வழியில்லை. சிறுநீரில் உப்பு உண்டு. தொட்டித் தண்ணீரிலும் உப்பு. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுமீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே ஏறியது 1960களின் கடைசியிலேயே கண்டறியப்பட்டது. பக்கத்தில் காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கிய ஆலை கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கக் கட்டப்பட்டது, ஆனால் குடிக்க ஒரு தண்ணீர், கழிவறைக்கு ஒரு தண்ணீர் என்று வைத்திருக்கும் வீடுகளில் கழிவறைக்குப் போவது போர் தண்ணீர்தான்.

இதற்கெல்லாம் மேலே வாராவாரம் ஊற்றும் கழிவறை ஆசிட். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவைக் கரைக்கும், ஆகவே இப்படி ஒரு பேச்சு எல்லா வீட்டிலும் நடக்கும்.

"அண்ணே, கொஞ்சம் ஆசிட் ஊத்தி வெச்சா வந்துடாதா?"

"துரு போவும்மா. துருவோட சேர்ந்து இரும்பும் போவும். மிச்சம் இருக்கிறது நாளைக்கே மறுபடி பூத்துடும்."

பிளம்பர் சொல்வது சரி. அமிலம் போன பிறகும் அதன் குளோரைடு இடுக்கில் தங்கிவிடுகிறது, எவான்ஸ் சொட்டில் இருந்த அதே குளோரைடு. மூடிய குளியலறையில் ஆசிட் ஆவி குழாய், கதவுத் தாழ்ப்பாள் எல்லாவற்றின் மேலும் படிகிறது. ஆபத்தான விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைப் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். குனிந்த நிலையில், கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்பவருக்கு அது மூச்சை அடைத்துவிடும்.

துரு தள்ளினால்

துருவின் இந்த ஊதலுக்கு எவ்வளவு பலம்? கான்கிரீட் தூணில் கம்பியை ஒட்டி நீளவாக்கில் வெடிப்பு விட்டுப் பூச்சு பெயர்ந்து விழுவதைக் கடலோரக் கட்டடங்களில் எல்லோரும் பார்த்திருப்போம். உள்ளே கம்பி துருப்பிடித்து, ஊதி, கான்கிரீட்டைப் பிளந்திருக்கிறது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மியானஸ் ஆற்றின் மேல் ஒரு நெடுஞ்சாலைப் பாலம். அதன் ஒரு பகுதியைப் பெரிய இரும்பு ஆணிகளில் மாட்டிய தொங்கு தகடுகள் தாங்கியிருந்தன. தகட்டுக்கும் பக்கத்துப் பாகத்துக்கும் நடுவே இடுக்கு. தண்ணீர் இறங்கியது, துரு கட்டியது, ஊதியது. தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆணியின் முனைக்குத் தள்ளிக்கொண்டே போனது. 1983 ஜூன் 28 விடியுமுன் ஒரு தகடு ஆணியிலிருந்து நழுவ, பாலத்தின் அந்தப் பகுதி அப்படியே ஆற்றில் விழுந்து 3 பேர் இறந்தார்கள்.

நம் பக்கம் பாம்பன். 1914இல் திறந்த ரயில் பாலம் நூறு வருஷத்துக்கு மேல் உப்புக் காற்றில் நின்று, அரிப்பு மிஞ்சியதால் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6இல் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, சிறப்புப் பூச்சு என்று பலவற்றைச் சொன்னார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறு ஒன்று: இணைப்புகளை முழுக்க வெல்டிங் செய்திருக்கிறார்கள். இடுக்கு இருந்தால்தானே இடுக்கு அரிப்பு.

எண்ணெய் ஏறும் வேகம்

இனி கழற்றும் வேலை. முதல் வழி எண்ணெய். மெல்லிய இடுக்கில் திரவம் தானாக ஏறும், விளக்குத் திரியில் ஏறுவது இதனால்தான். ஆகவே நட்டு கீழே இருக்கிறதே, எண்ணெய் மேலே போகுமா என்று கவலைப்பட வேண்டாம், போகும். ஆனால் போகப் போக வேகம் குறையும், ஏனென்றால் ஏற்கெனவே நிரம்பிய பாதை முழுவதும் உராய்வு. இரண்டு மடங்கு தூரத்துக்கு நான்கு மடங்கு நேரம், மூன்று மடங்கு தூரத்துக்கு ஒன்பது மடங்கு நேரம். 10 நிமிடத்தில் 2 மில்லிமீட்டர் ஏறினால், 6 மில்லிமீட்டர் ஏற ஒன்றரை மணி நேரம். துரு அடைத்த பாதையில் இன்னும் அதிகம். எண்ணெய் அடித்த கையோடு ஸ்பேனரைப் போடுகிறவர்கள் எண்ணெயை வீணாக்குகிறார்கள். ராத்திரி விட்டுக் காலையில் பார்ப்பதே முறை.

எந்த எண்ணெய்? மண்ணெண்ணெயைவிட இன்ஜின் ஆயில் ஏறக்குறைய நூறு மடங்கு குழகுழப்பு. அதே நேரத்தில் அது போகும் தூரம் பத்தில் ஒரு பங்குதான். தேங்காய் எண்ணெய் இரண்டுக்கும் நடுவில். பழைய மெக்கானிக்குகள் மண்ணெண்ணெயையே நம்பியதில் நியாயம் இருக்கிறது. இப்போது எல்லோரும் கேட்கும் டபிள்யூ.டி-40 ஸ்பிரே, 1953இல் சான் டியேகோவில் அட்லஸ் ஏவுகணையின் மேல்தகட்டை ஈரத்திலிருந்து காக்கச் செய்யப்பட்டது. நீரை விலக்கும் கலவையில் 40ஆவது என்பதுதான் அந்தப் பெயர். நட்டுக் கழற்றுவது அதற்குப் பின்னால் வந்த வேலை.

எண்ணெய் ஊறிய பிறகு உடனே தளர்த்தும் பக்கம் திருப்பாமல், முதலில் ஒரு துளி இறுக்கும் பக்கம் திருப்பிப் பார்ப்பார்கள். துரு அமுக்கினால் தாங்கும், இழுத்தால் நொறுங்கும். முன்னும் பின்னும் ஆட்டுவதில் அது பொடியாகி எண்ணெய்க்கு வழி விடுகிறது.

காசிமேட்டில் படகு இன்ஜின் என்றால் அடுத்தது நெருப்பு. நட்டை மட்டும் 200 டிகிரி சூடேற்றினால் அதன் 8 மில்லிமீட்டர் துளை 20 மைக்ரான் அளவுக்கு விரியும். துருப் பிடி விட்டுப்போக அது போதும். கமோடில் இதை நினைத்தே பார்க்கக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் சூடானால் பீங்கான் கண்ணாடிபோலத் தெறித்துவிடும். கொதிக்கும் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். சுத்தியலும் வேண்டாம்.

போல்ட்டு முறிந்தால் என்ன?

இன்ஜினிலும் பாலத்திலும் போல்ட்டு உள்ளே முறிந்தால் பெரிய தலைவலி. இங்கே நிலைமை வேறு. சீட்டும் குப்பைக்கு, போல்ட்டும் குப்பைக்கு, காப்பாற்ற வேண்டியது பீங்கான் ஒன்றைத்தான். நிறையப் பேர் மெக்கானிக் புத்தியிலேயே போல்ட்டைக் காப்பாற்றப் போராடிப் பீங்கானை உடைக்கிறார்கள்.

புது இரண்டரை நூல் சாதா இரும்புப் போல்ட்டு முறுக்கி முறிய எவ்வளவு விசை வேண்டும்? 20 சென்டிமீட்டர் ஸ்பேனரின் முனையில் ஒன்பது, பத்து கிலோவைத் தொங்கவிட்டால் போதும். குனிந்த நிலையிலும் பெரியவர் ஒருவரால் அது முடியும். முறுக்கைத் தாங்கும் திறன் தடிமனோடு நேராகக் குறைவதில்லை, தடாலென்று குறையும். தடிமன் பாதியானால் திறன் எட்டில் ஒன்று. மரைக்கு உள்ளே இருக்கும் ஆறரை மில்லிமீட்டர் தண்டு அரித்து 5 ஆகியிருந்தால், நான்கைந்து கிலோவுக்கே பட்டென்று போய்விடும். நல்லது, போகட்டும்.

முறியாமல் மொத்தப் போல்ட்டும் நட்டோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்தால்தான் தொல்லை. தலை பிளாஸ்டிக் கீலுக்குள் உருள, விசை எல்லாம் பீங்கான் துளையின் விளிம்பில் விழும். பீங்கான் அமுக்கினால் எதையும் தாங்கும், ஓரத்தில் நெம்பினால் தாங்காது. அந்தக் கட்டத்தில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட வேண்டும்.

மிச்சமிருப்பது ஹேக்ஸா பிளேடு. சட்டத்திலிருந்து கழற்றி, பிடிக்கும் முனையில் துணி சுற்றி, வெறும் பிளேடாக. அடியில் நட்டோடு மல்லுக்கட்டுவதைவிட மேலே அறுப்பது சுலபம். பழைய சீட்டின் கீலை உடைத்துவிட்டால் பீங்கானுக்கு மேல் போல்ட்டின் கழுத்து தெரியும். பீங்கானின் மேல் டேப்பை இரண்டு மூன்று அடுக்கு ஒட்டிவிட்டு, பிளேடைப் படுக்கவைத்து மெதுவாக இழுத்தால் சாதா இரும்பு சில நிமிடத்தில் அறுந்துவிடும். டேப் இல்லாவிட்டால் பளபளப்பில் சாம்பல் நிறக் கோடு விழும். அறுந்ததும் அடிப்பாதி நட்டோடு தானாகக் கீழே விழும். கட்டிங் மெஷினால் இது நொடியில் முடியும் என்பார்கள். அதிலிருந்து பறக்கும் பொறிகள் எரியும் இரும்புத் துகள்கள். பீங்கானின் மேல் பூச்சில் பதிந்து சில வாரத்தில் புள்ளி புள்ளியாகத் துருக் கறை காட்டும். ஈரத் தரையில் மின்சாரக் கருவி என்பது தனிப் பயம்.

அடுத்த போல்ட்டு

புது சீட்டோடு வரும் போல்ட்டு பளபளவென்று வெள்ளியாக இருந்தால் மயங்க வேண்டாம். பெரும்பாலும் அது இரும்பின் மேல் 5 முதல் 8 மைக்ரான் துத்தநாகப் பூச்சு. ஐந்தாம் வகைக் காற்றில் துத்தநாகம் வருஷத்துக்கு 4 முதல் 8 மைக்ரான் போகும் என்கிறது அதே தர அளவு. ஒன்றிரண்டு வருஷத்தில் உள்ளிருக்கும் இரும்பு வெளியே வந்துவிடும்.

பாரிமுனையைச் சுற்றிய கடைகளில் எஸ்.எஸ், அதாவது துருப்பிடிக்காத எஃகு, போல்ட்டு கேட்டால் கடைக்காரர் காந்தத்தை வைத்து, "ஒட்டல பாருங்க சார், ஒரிஜினல்" என்பார். காந்தம் ஒட்டாததால் நிரூபணமாவது ஒன்றுமில்லை. மலிவான 202 வகையிலும் ஒட்டாது, 304 வகையிலும் ஒட்டாது. இந்த எஃகைக் காப்பது அதிலுள்ள குரோமியம் மேற்பரப்பில் போடும் மெல்லிய ஆக்சைடுப் படலம். அந்தப் படலத்தைக் குளோரைடு ஊசிமுனை ஊசிமுனையாகத் துளைக்கும். கடலோரத்துக்கு என்று கேட்டு வாங்க வேண்டியது 316, இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் சேர்ந்தது. எஸ்.எஸ் நட்டை எஸ்.எஸ் போல்ட்டில் வறட்டு வறட்டென்று வேகமாகச் சுற்றினால் துருவே இல்லாமல் மரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் கிரீஸ் தடவி நிதானமாகச் சுற்ற வேண்டும்.

என்னைக் கேட்டால், கமோடு சீட்டுக்கு உலோகமே தேவையில்லை. அது தாங்கும் பாரம் எல்லாம் பீங்கானின் மேல் இறங்கிவிடுகிறது. போல்ட்டு செய்வது சீட்டு நகராமல் பிடிப்பது மட்டும். பிளாஸ்டிக் போல்ட்டுக்கு அந்தப் பலம் உண்டு. அதிலும் நைலான், பாலிபுரொப்பிலீன் என்று இரண்டு வகை. நைலான் உறுதியானது, ஆனால் தண்ணீரை உறிஞ்சிக் கொஞ்சம் உப்பும், கெட்டியான ஆசிட் பட்டுக்கொண்டே இருந்தால் நாளடைவில் நொறுங்கும். பாலிபுரொப்பிலீனை ஆசிட் ஒன்றும் செய்யாது. வாராவாரம் ஆசிட் ஊற்றும் வீடு என்றால் அதையே வாங்கி, விரலால் சுற்றி, கடைசியில் கால் சுற்று முடுக்கினால் போதும்.